பக்கவாதத்திற்குப் பின் எவ்வளவு மீள்வார் என்பதை இரத்தப் பரிசோதனை முன்கூட்டிச் சொல்லுமா?

கேள்வி

வணக்கம். என் தந்தைக்கு வயது 71. ஒன்பது நாள்களுக்கு முன் தூங்கி எழுந்தபோதே அவருக்கு வலக்கையும் வலக்காலும் இயங்கவில்லை. மூளையின் இடப்பக்கத்தில், நடுப்பெருமூளைத் தமனியின் கிளையொன்று இரத்தக்கட்டியால் அடைபட்டிருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. எந்த நேரத்தில் தொடங்கியது என்பதை உறுதியாகச் சொல்ல முடியாததால், கட்டியைக் கரைக்கும் ஊசி போடப்படவில்லை. இப்போது நாங்கள் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் புரிகிறது. பதில் சொல்ல முயலும்போது மட்டும் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது. சேர்த்த அன்று, பக்கவாதத்தின் கடுமையை அளக்கும் என்.ஐ.எச்.எஸ்.எஸ். மதிப்பெண் 13 என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து எடுக்கப்பட்ட இரத்தப் பரிசோதனைகள் அனைத்தையும் ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. இரண்டாம் நாள் லிட்டருக்கு 22 மில்லிகிராம், ஐந்தாம் நாள் 118, எட்டாம் நாள் 41. வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில்களை லிம்போசைட்டுகளால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் முதல் நாள் 4.2 ஆகவும் ஐந்தாம் நாள் 9.6 ஆகவும் இருந்தது. இரத்தக்கட்டி இருக்கிறதா என்று காட்டும் டி-டைமர் மருத்துவமனை ஆய்வகத்தில் 0.9, மறுநாள் வெளி ஆய்வகத்தில் 1.9. இதயத்துக்கான என்.டி.-புரோ பி.என்.பி. 1,450. சேர்த்தபோது சர்க்கரை 212. இவை ஒவ்வொன்றையும் பற்றித் தேடிப் படித்தபோது, ஒவ்வொன்றும் உயர்ந்திருந்தால் மூன்று மாத முடிவில் நோயாளியின் நிலை மோசமாக இருக்கும் என்றே எழுதப்பட்டிருந்தது. அப்படியானால் என் தந்தைக்கு எல்லாக் கதவுகளும் அடைபட்டுவிட்டனவா என்று இரவெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அவர் மீண்டும் நடப்பாரா, பேசுவாரா என்பதை இந்த எண்களிலிருந்து கணிக்க முடியுமா? நியூரோஃபிலமென்ட் என்றொரு புதிய பரிசோதனை மூளைச் சேதத்தை நேரடியாக அளக்கிறது என்கிறார்கள். அதையும் வெளியில் செய்து பார்க்க வேண்டுமா? விவரம் அறிந்தவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.

மறுமொழி (நரம்பியல் மருத்துவர்)

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். நீங்கள் மறைக்காமல் சொல்லச் சொன்னதால் நேரடியாகவே தொடங்குகிறேன். நீங்கள் பட்டியலிட்ட எண்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தாலும், உங்கள் தந்தையைப் படுக்கையருகே நின்று பரிசோதிக்கும் மருத்துவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைவிட மிகச் சிறிதளவே கூடுதலாகத் தெரியும். நீங்கள் படித்த கட்டுரைகள் பொய் சொல்லவில்லை. சி.ஆர்.பி. உயர்ந்தவர்களில் பலர் மோசமான நிலைக்குப் போனது உண்மைதான். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குப் பக்கவாதமே பெரியதாக இருந்தது. பெரிய பக்கவாதம்தான் சி.ஆர்.பி.யையும் உயர்த்தியது, அவர்களுடைய நிலையையும் கெடுத்தது. பக்கவாதம் எவ்வளவு பெரியது என்பதை நாங்கள் என்.ஐ.எச்.எஸ்.எஸ். மதிப்பெண்ணாலும் ஸ்கேனாலும் முன்பே அறிந்திருக்கிறோம். அதே செய்தியை இரத்தம் இரண்டாம் முறை சொல்கிறது.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். 2012-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மருத்துவர்கள் வெளியிட்ட ஆஸ்ட்ரல் என்ற கணிப்பு முறையில், மூன்று மாத முடிவில் மோசமான நிலை வருமா என்பதை மதிப்பெண் கூட்டிக் கணிக்கிறார்கள். வயதில் ஒவ்வோர் ஐந்து ஆண்டுக்கும் ஒரு மதிப்பெண். அதன்படி உங்கள் தந்தைக்கு வயதால் மட்டும் 14. என்.ஐ.எச்.எஸ்.எஸ். எவ்வளவோ அவ்வளவும் அப்படியே சேரும், அது 13. அந்த முறையில் இடம்பெற்ற ஒரே இரத்தப் பரிசோதனை சர்க்கரைதான். அது ஏறத்தாழ 131-க்கு மேலோ 66-க்குக் கீழோ இருந்தால் ஒரு மதிப்பெண் கூடும். உங்கள் தந்தையின் 212 என்ற சர்க்கரை அளவு, அந்தக் கூட்டலில் ஒன்றே ஒன்று. இரவெல்லாம் உங்களை விழித்திருக்கச் செய்யும் எண்களின் உண்மையான எடை எவ்வளவு என்பதை இதிலிருந்து நீங்கள் உணரலாம் என்று நம்புகிறேன்.

மாரடைப்பில் டிரோபோனின் என்ற ஒரே இரத்தப் பரிசோதனை அவ்வளவு உதவுகிறதே, மூளைக்கு ஏன் அப்படியொன்று இல்லை என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. இதயத் தசை எங்கே சேதமடைந்தாலும் இழப்பது ஒரே வேலையைத்தான், அதாவது சுருங்கி விரிவதை. மூளையில் அப்படியில்லை. கைகால்களுக்குச் செல்லும் நரம்பிழைகள் அனைத்தும் நெருங்கிச் செல்லும் உள்ளுறைப் பகுதியில் சுண்டுவிரல் நுனியளவு சேதம் ஏற்பட்டாலே ஒரு பக்கம் முழுவதும் செயலிழக்கலாம். முன்மூளையின் வேறோர் இடத்தில் அதைப்போல் பல மடங்கு சேதமடைந்தும் ஒருவர் எழுந்து நடக்கலாம். இரண்டு இடங்களிலிருந்தும் இரத்தத்தில் கசியும் புரதம் ஒன்றே. எவ்வளவு அழிந்தது என்பதை இரத்தம் ஓரளவுக்குச் சொல்லலாம். எங்கே அழிந்தது என்பதை அது சொல்வதேயில்லை. மீட்சியோ பெரும்பாலும் அந்த 'எங்கே' என்பதில்தான் இருக்கிறது.

மேலும், ஆய்வுகளில் 'மோசமான முடிவு' என்று எதைக் கணக்கிடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும், நோயாளி எவ்வளவு தனித்து இயங்குகிறார் என்பதை அளக்கும் மாற்றியமைத்த ராங்கின் அளவுகோலில் 0 முதல் 6 வரை ஓர் எண்ணைத் தருவார்கள். 6 என்றால் இறப்பு. 3 முதல் 6 வரை அனைத்தையும் ஒரே கூடையில் போட்டு 'மோசம்' என்பார்கள். ஆகவே நிமோனியாவாலோ இதயச் செயலிழப்பாலோ இறந்தவரும், பிறர் துணையோடு வாழ்ந்துகொண்டு நாளுக்கு நாள் தேறிவருபவரும் அந்தக் கணக்கில் ஒன்றாகிவிடுகிறார்கள். இரத்தக் குறிகாட்டிகள் பலவும் உண்மையில் கணிப்பது இறக்கும் அபாயத்தை. கை திரும்புமா, சொல் திரும்புமா என்பதை அல்ல.

உங்கள் கோப்பில் ஓர் எண் மட்டும் என்னை நிறுத்தியது. சி.ஆர்.பி. 22-லிருந்து 118-க்கு ஏறியிருக்கிறது. பக்கவாதம் மட்டுமே இவ்வளவு ஏற்றத்தைத் தருவது அரிது. மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் என்ன நடந்தது? காய்ச்சல், இருமல், சிறுநீரில் தொற்று ஏதாவது இருந்ததா?

கேள்வி கேட்டவர்

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் கேட்டது சரிதான். மூன்றாம் நாள் மாலை அவர் தாகமாக இருப்பதாகச் சைகை காட்டியதால், உறவினர் ஒருவர் படுத்த நிலையிலேயே தண்ணீர் கொடுத்துவிட்டார். கடுமையாக இருமினார். நான்காம் நாள் காய்ச்சல் வந்தது. எக்ஸ்-ரே எடுத்து, வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் தொற்று இருப்பதாகச் சொல்லி ஆன்டிபயாடிக் தொடங்கினார்கள். இப்போது காய்ச்சல் இல்லை. மூக்கு வழியாகக் குழாயில்தான் உணவு செல்கிறது. சி.ஆர்.பி.க்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மூளை மேலும் சேதமடைந்துவிட்டது என்றே நினைத்து அழுதுகொண்டிருந்தேன்.

மறுமொழி (நரம்பியல் மருத்துவர்)

அப்படியானால் அந்த 118 உங்கள் தந்தையின் மூளையைப் பற்றியதல்ல. அவருடைய நுரையீரலைப் பற்றியது. 41-க்கு இறங்கியிருப்பது மருந்து வேலை செய்கிறது என்பதற்கான நல்ல அடையாளம். நியூட்ரோஃபில் விகிதம் 9.6-க்கு ஏறியதும் அதே காரணத்தால்தான் என்று கொள்ளலாம். பக்கவாதத்திற்குப் பிறகு உடலில் அழுத்த ஹார்மோன்கள் உயர்வதால் லிம்போசைட்டுகள் குறைந்து, நோயெதிர்ப்பு சில நாள்கள் தளர்ந்திருக்கும். அதோடு விழுங்கும் தசைகளும் தடுமாறும்போது, தண்ணீரும் எச்சிலும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கித் தொற்றாகின்றன. தொற்று வருமுன்பே எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்துவிடலாமே என்று எண்ணி, நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் இரண்டு பெரிய ஆய்வுகள் செய்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதனால் நோயாளிகளின் மூன்று மாத நிலை மேம்படவில்லை. ஆகவே தொற்றைத் தடுக்க வழி, விழுங்கும் திறனை முறையாகச் சோதித்த பிறகே வாய்வழி எதையும் கொடுப்பதும், உணவின்போதும் பின்பும் நிமிர்ந்து உட்கார வைப்பதும், வாயைத் தூய்மையாக வைத்திருப்பதும்தான். தண்ணீர் கொடுத்த உறவினரைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஆனால் அறைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

மறுமொழி (மருத்துவ உயிர்வேதியியல் துறையில் பணிபுரிபவர்)

சகோதரி, ஆய்வகத்தின் பக்கத்திலிருந்து சில செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். முதலில் உங்கள் டி-டைமர். ஒரே நாள் இடைவெளியில் 0.9 என்பது 1.9 ஆனதைக் கண்டு இரத்தக்கட்டி இரட்டிப்பாகிவிட்டது என்று நீங்கள் அஞ்சியிருக்கலாம். அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்திலுள்ள அலகைப் பாருங்கள். சில ஆய்வகங்கள் டி.டி.யு. என்ற அலகிலும், சில எஃப்.இ.யு. என்ற அலகிலும் அளவைத் தருகின்றன, எஃப்.இ.யு. அளவு மற்றதைவிட ஏறத்தாழ இரு மடங்கு. ஒரே இரத்தம் இரண்டு ஆய்வகங்களில் இரண்டு எண்களாக வருவது இப்படித்தான். இரண்டு அறிக்கைகளிலும் அலகு ஒன்றாகவே இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேளுங்கள். டி-டைமர் உயர்ந்தால் காலின் ஆழ்சிரையில் இரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டிவரும். அசையாத காலில் அது வருவதற்கு வாய்ப்பு உண்டு.

எந்த நேரத்தில் எடுத்த இரத்தம் என்பதும் அதே அளவு முக்கியம். சி.ஆர்.பி. கல்லீரலில் உருவாகிறது, இன்டர்லூகின்-6 என்ற அழற்சிப் புரதம் அதைத் தூண்டிவிடுகிறது. தூண்டுதல் நின்றதும் சி.ஆர்.பி. சுமார் 19 மணி நேரத்திற்கு ஒரு முறை பாதியாகக் குறையும். எனவே இரண்டாம் நாளின் 22-ஐ, ஒருவேளை முதல் நாள் இரத்தத்தைக் கொண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வின் வரம்போடு ஒப்பிட்டால், அந்த ஒப்பீட்டுக்குப் பொருளே இராது. என்.எஸ்.இ. என்ற நரம்பணு நொதியையும் சில இடங்களில் அளக்கிறார்கள். அது சிவப்பணுக்களிலும் நிறைய உண்டு. இரத்தம் எடுக்கும்போது ஊசியில் சிவப்பணுக்கள் உடைந்தாலே அது உயர்ந்துவிடும்; மூளைக்கு அதில் பங்கேயிராது. மூளை புதிய இணைப்புகளை உருவாக்க உதவும் பி.டி.என்.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியை 'மீட்சியின் குறிகாட்டி' என்று விளம்பரம் செய்பவர்களும் இருக்கிறார்கள். சீரத்தில், அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் நீரில், அளக்கப்படும் பி.டி.என்.எஃப்.-இல் பெரும்பகுதி, இரத்தம் உறையும்போது தட்டணுக்களிலிருந்து வெளியாவது. தட்டணுச் செயலை மட்டுப்படுத்தும் மருந்து எடுத்துக்கொள்ளும் பக்கவாத நோயாளியிடம் அந்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

நியூரோஃபிலமென்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இவற்றுள் நான் மிகவும் மதிப்பது அதுதான் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். நரம்பிழையின் உள்ளே சட்டமாக நிற்கும் புரதம் அது. இழை சிதையும்போது வெளியே கசிகிறது. முன்பு மூளைத் தண்டுவட நீரை எடுத்துத்தான் அளக்க முடிந்தது. ஒற்றை மூலக்கூறையும் எண்ணும் நுட்பம் வந்த பிறகு, ஒரு மில்லிலிட்டரில் சில பிகோகிராம் என்ற அளவையும் சாதாரண இரத்தத்திலேயே அளக்கிறார்கள். ஆனால் அது மெதுவாக ஏறும் குறிகாட்டி. பக்கவாதத்திற்குப் பின் நாள்தோறும் உயர்ந்து, சில வாரங்களில் உச்சத்தை எட்டி, பிறகு பல மாதங்கள் உயர்ந்தே இருக்கும். ஒன்பதாம் நாள் எடுத்தால், ஏறிக்கொண்டிருக்கும் படிக்கட்டின் நடுவில் ஒரு படியைப் பார்த்தது போலாகும். வயது ஏற ஏற அது இயல்பாகவே உயரும். சிறுநீரகச் செயல் குறைந்தாலும் உயரும். ஆராய்ச்சியில் நூற்றுக்கணக்கானோரை ஒப்பிடும்போது இவற்றைக் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். 71 வயதுள்ள ஒரே ஒருவரின் ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, அதில் எவ்வளவு வயதுக்கு, எவ்வளவு சிறுநீரகத்திற்கு, எவ்வளவு பக்கவாதத்திற்கு என்று யாராலும் பிரித்துச் சொல்ல இயலாது. இப்போதைக்கு அதைச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த அறிக்கை வந்தாலும் உங்கள் தந்தையின் சிகிச்சையில் ஒரு மாத்திரைகூட மாறப்போவதில்லை.

மறுமொழி (நோய்ப்பரவலியல் ஆய்வாளர்)

மேலே மருத்துவர் சொன்னதன் அடிப்படையை இன்னும் சற்று விரிக்க அனுமதியுங்கள். ஏனெனில் இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் உரியதன்று, ஆய்வுக் கட்டுரைகளை எழுதுபவர்களிடமே அது இருக்கிறது. ஒரு குறிகாட்டி நோயின் முடிவோடு தொடர்புடையது என்பது வேறு. ஏற்கெனவே நம் கையிலுள்ள கணிப்பை அது மேம்படுத்துகிறது என்பது வேறு. முதலாவதை நிரூபிப்பது எளிது. எண்பது நோயாளிகளின் இரத்தத்தை எடுத்து, நன்றாகத் தேறியவர்களுக்கும் தேறாதவர்களுக்கும் சராசரி எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்த்தால் போதும், ஒரு கட்டுரை ஆகிவிடும். இரண்டாவதற்கு வயதையும் என்.ஐ.எச்.எஸ்.எஸ்.-ஐயும் முதலில் வைத்து ஒரு கணிப்பை உருவாக்கி, பிறகு குறிகாட்டியைச் சேர்த்து, சேர்த்ததால் எத்தனை பேரைப் பற்றிய கணிப்பு சரியான திசையில் மாறியது என்று காட்ட வேண்டும். அதையும் வேறு மருத்துவமனை நோயாளிகளிடம் மறுபடியும் சோதிக்க வேண்டும். அவ்வளவு தூரம் போகும் கட்டுரைகள் குறைவு. போனவற்றில் பெரும்பாலானவை ஏமாற்றத்துடனே திரும்பியிருக்கின்றன.

எடின்பரோவில் செய்யப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வை நான் மாணவர்களுக்கு எப்போதும் எடுத்துக்காட்டுவேன். இன்டர்லூகின்-6 உயர்ந்தவர்களுக்கு முடிவு மோசமாக இருந்தது என்பது அதில் உறுதியாகத் தெரிந்தது. ஆனால் வயது, முன்பு தனித்து இயங்கினாரா, பேச முடிகிறதா, கையைத் தூக்க முடிகிறதா, நடக்க முடிகிறதா போன்ற எளிய விவரங்களால் ஆன கணிப்போடு அதைச் சேர்த்தபோது, பயன்படத்தக்க முன்னேற்றம் எதுவும் கிடைக்கவில்லை. இரத்தம் எடுக்காமலே ஒரு செவிலியர் சில நிமிடங்களில் கேட்டறியக்கூடிய விவரங்கள் அவை. விதிவிலக்குக்கு அருகில் வருவது கோபெப்டின். வாசோபிரெசின் என்ற ஹார்மோனோடு சேர்ந்து வெளியாகும் துண்டு அது. உடல் அனுபவிக்கும் அழுத்தத்தின் அளவைக் காட்டுகிறது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் அதைச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள், பிறகு பல மையங்களிலும் சோதித்தார்கள். வயதோடும் என்.ஐ.எச்.எஸ்.எஸ்.-ஓடும் சேர்த்தபோதும் கணிப்பு ஓரளவு கூர்மையடைந்தது. இருந்தும் முதல் 24 மணி நேரத்திற்குள் எடுத்த இரத்தத்திற்கே அது பொருந்தும். உங்கள் தந்தைக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் எண்ணைக் கண்டதும் அதைக் குறைக்க மருந்து தேடும் எண்ணம் எவருக்கும் வரும். குறிகாட்டியைக் குறைத்தால் நோயாளி தேறுவார் என்பது பலமுறை சோதிக்கப்பட்டுத் தோற்ற நம்பிக்கை. சர்க்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாதம் வந்த 1,151 பேரிடம், இன்சுலினால் சர்க்கரையை 80-க்கும் 130-க்கும் இடையில் இறுக்கமாக வைத்திருப்பதையும், 180-க்குக் கீழ் வைத்திருக்கும் வழக்கமான முறையையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வின் முடிவு 2019-இல் வெளியானது. 90 நாள் முடிவில் இரு குழுவினரின் நிலையும் ஏறக்குறைய ஒன்றே. இறுக்கமாக வைத்திருந்தவர்களில் சிலருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்ததுதான் வேறுபாடு. இன்டர்லூகின்-1-ஐத் தடுக்கும் மருந்தை மூன்று நாள்கள் ஊசியாகக் கொடுத்த பிரிட்டன் ஆய்வு 2018-இல் வந்தது. இன்டர்லூகின்-6 இறங்கியது, சி.ஆர்.பி. இறங்கியது, நோயாளிகளின் மூன்று மாத நிலையோ மேம்படவில்லை. வெப்பமானியைக் குளிர்ந்த நீரில் நனைத்தால் பாதரசம் இறங்கும், காய்ச்சல் இறங்காது.

மறுமொழி (இயன்முறை மருத்துவர்)

அம்மா, எல்லோரும் இரத்தத்தைப் பற்றியே பேசிவிட்டார்கள். நான் கையைப் பற்றிப் பேசுகிறேன். உங்கள் தந்தையின் வலக்கை விரல்களைத் தானாக விரிக்க முடிகிறதா என்று யாராவது பார்த்தார்களா? மடக்குவதை நான் கேட்கவில்லை. மடங்கிய விரல்களை நீட்டுவதைக் கேட்கிறேன். அதோடு தோளை உடலிலிருந்து பக்கவாட்டில் சிறிதளவேனும் விலக்க முடிகிறதா?

நெதர்லாந்தில் 2010-இல் வெளியான ஓர் ஆய்வு என் தொழிலையே மாற்றியது என்று சொல்வேன். பக்கவாதம் வந்த 72 மணி நேரத்திற்குள் விரலைச் சற்றேனும் நீட்டவும் தோளைச் சற்றேனும் விலக்கவும் முடிந்தவர்களில், ஆறு மாதத்தில் கைக்கு ஓரளவு திறன் திரும்பியவர்கள் நூற்றுக்கு 98 பேர். இரண்டும் முடியாதவர்களில் அது 25 பேர் மட்டுமே. முடியாத நிலை ஒன்பதாம் நாளிலும் தொடர்ந்தால் அந்த 25 என்பது 14-க்கு இறங்குகிறது. 'ஓரளவு திறன்' என்பதை முழுக் குணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பொருளைப் பற்றி எடுத்து வைக்க முடிகிற அளவு என்று கொள்ளுங்கள். ஆனாலும் ஊசியும் ஆய்வகமும் இல்லாமல், இரண்டு நிமிடத்தில், படுக்கையருகே கிடைக்கும் இந்தச் செய்திக்கு ஈடான எதையும் எந்த இரத்தப் பரிசோதனையிலும் நான் கண்டதில்லை. காரணம் எளியது. விரலை நீட்ட வேண்டுமானால் மூளையின் மேற்பரப்பிலிருந்து தண்டுவடம் வரை இறங்கும் இயக்க நரம்புப் பாதையில் சில இழைகளாவது உயிரோடு இருக்க வேண்டும். விரல் அசைந்தால், பாதை இருக்கிறது என்று பொருள்.

அசையாவிட்டாலும் உடனே மனம் தளர வேண்டாம். நியூசிலாந்தின் ஆக்லாந்து ஆய்வாளர்கள் 2017-இல் செம்மைப்படுத்திய முறையில், தோளுக்கும் விரலுக்கும் பத்துக்கு மதிப்பெண் போட்டு, ஐந்துக்குக் கீழ் வருபவர்களுக்கு மட்டும் தலைக்கு மேல் காந்தத் தூண்டலைச் செலுத்தி, கைத்தசையில் மின் அலை வருகிறதா என்று பார்க்கிறார்கள். தானாக அசைக்க முடியாத கையிலும் அந்த அலை வந்தால், பாதை அறுபடவில்லை, தூங்கிக்கொண்டிருக்கிறது என்று அறியலாம். அத்தகைய நோயாளிகள் சிலரை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். முதல் வாரத்தில் அசையாத கை, மூன்றாம் மாதத்தில் சட்டைப் பொத்தானைப் போட்டது.

கால் பொதுவாகக் கையைவிட முன்னதாகவே தேறும். உதவியின்றி உட்கார முடிகிறதா என்பதைக் கவனியுங்கள். பேச்சைப் பற்றி அவசரப்பட்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். அவருக்குப் புரிகிறது என்கிறீர்களே, அது மிகப் பெரிய செய்தி. பேச்சு மீட்சி மாதக்கணக்கில் நீளும். பேச்சுப் பயிற்சியை இப்போதே தொடங்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. இரண்டு டி-டைமர் அறிக்கைகளையும் எடுத்துப் பார்த்தேன், அலகுகள் வேறுவேறுதான். நியூரோஃபிலமென்ட் பரிசோதனையை விட்டுவிட்டோம்.

இன்று காலை மருத்துவமனையின் இயன்முறை மருத்துவர் அப்பாவைப் பார்க்க வந்தபோது, இங்கே இயன்முறை மருத்துவர் சொன்ன இரண்டையும் சோதிக்கச் சொல்லிக் கேட்டேன். கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, நீட்டச் சொன்னார். முதல் இரண்டு முறை ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் முறை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சிறிது மேலெழுந்தன. நான் நினைத்துக்கொள்கிறேனோ என்று ஐயப்பட்டு மறுபடியும் கேட்டோம், மறுபடியும் எழுந்தன. தோளையும் ஒரு கையகலம் விலக்கினார். ஒன்பது நாள்களாக அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒருமுறைகூட விரலை நீட்டச் சொல்லிக் கேட்கத் தோன்றவில்லை.

மருத்துவர் ஐயாவிடம் ஒன்று மட்டும் கேட்க வேண்டும். என்.டி.-புரோ பி.என்.பி. 1,450 என்பதையும் மற்றவற்றைப் போலவே ஒதுக்கிவிடலாமா?

மறுமொழி (நரம்பியல் மருத்துவர்)

விரல் எழுந்த செய்தியைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன், சகோதரி. அதை நாளும் நேரமும் குறித்து நோயாளிக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்து வரும் ஒவ்வொரு மருத்துவருக்கும் அது பயன்படும்.

அந்த 1,450-ஐ ஒதுக்க வேண்டாம். அவர் நடப்பாரா என்பதை அது சொல்லாது. ஆனால் பக்கவாதம் ஏன் வந்தது என்பதைப் பற்றி ஒரு கேள்வியை எழுப்புகிறது. இதயத்தின் அறைகள் இழுபடும்போது சுரக்கும் புரதம் அது. ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத் துடிப்பு உள்ளவர்களிடம் உயர்ந்து காணப்படும். அந்தத் துடிப்பில்தான் இதயத்தின் மேலறையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குச் செல்கிறது. துடிப்புக் கோளாறு உறுதியானால், ஆஸ்பிரினுக்குப் பதிலாக இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துக்கு மாற வேண்டும்; அடுத்த பக்கவாதத்தைத் தடுப்பதில் அந்த மாற்றத்திற்கு நிகரானது குறைவு. ஆனால் எண்ணை மட்டும் நம்பி மருந்தை மாற்றிவிடக் கூடாது. காரணம் தெரியாத பக்கவாதம் வந்து, இந்தக் குறிகாட்டியின் உயர்வு போன்ற மேலறைக் கோளாறின் அடையாளங்கள் மட்டும் இருந்த 1,015 பேரிடம், உறைவுத் தடுப்பு மருந்தான அபிக்சபானையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்டு 2024-இல் முடிவு வெளியிட்டார்கள். அபிக்சபான் ஆஸ்பிரினை விஞ்சவில்லை. ஆகவே இ.சி.ஜி.யில் துடிப்புக் கோளாறு பதிவாக வேண்டும். அது விட்டுவிட்டு வருவது. ஒரு முறை எடுத்த இ.சி.ஜி.யில் தெரியாமல் போகலாம். உங்கள் மருத்துவரிடம் இரண்டே கேள்விகளைக் கேளுங்கள்: இதய எக்கோ பார்த்தாயிற்றா, தொடர்ச்சியாகத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவியை எத்தனை நாள்களுக்குப் பொருத்தப்போகிறீர்கள்?

விழுங்கும் திறனை மறுபடி சோதிக்கும் நாளையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை தண்ணீர் குழாயிலேயே போகட்டும்.